"நோய் எதிர்ப்பு ஜீன் உள்ள ரோகு" என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள். பொன்னேரி பக்கம் இரண்டு ஏக்கர் குளம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கலந்து விடுகிறீர்கள். போன மார்கழியில் ரோகுவுக்கு உடம்பில் சிவப்புப் புண் வந்தது, சிலவற்றுக்கு வயிறு ஊதிச் செதில் நிமிர்ந்து நின்றது, பாதிக்கு மேல் போய்விட்டது. இந்த வருஷம் ஒரு குஞ்சு வியாபாரி வந்து, "இது டி.எல்.ஆர். ஜீன் உள்ள ரோகு, வியாதியே வராது" என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விலை சொல்கிறார். நம்பிக்கைக்காக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "அந்த ஜீன் நிஜமா, சென்னையில் எந்த லேபிலாவது குஞ்சைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க முடியுமா?" என்பது நீங்கள் எழுதியது. உண்மையில் நீங்கள் கேட்பது, கூடுதல் பணம் கொடுத்தால் வரும் மார்கழியில் மீன் பிழைக்குமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜீன் நிஜம். சோதிக்கவும் முடியும். சோதித்தால் "இருக்கிறது" என்றுதான் வரும், ஏனென்றால் அது எல்லா ரோகுவிலும் இருக்கிறது. போன வருஷம் உங்கள் குளத்தில் செத்து மிதந்தவற்றிலும் இருந்தது. இரண்டு கண் உள்ள மீன் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பது போலத்தான் இது. வியாபாரி பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரோ சொன்னதை அவர் உங்களிடம் சொல்கிறார்.

என்னைப் பற்றி இரண்டு வரி, எந்த அளவுக்கு நம்புவது என்று நீங்கள் முடிவு செய்ய உதவும். ஆராய்ச்சிப் படிப்பில் கெண்டை மீன்களின் இந்த வகை ஜீன்களில்தான் ஐந்து வருஷம் கழித்தேன். பிறகு சென்னையில் மீன் நோய்ச் சோதனை வேலைக்கு வந்துவிட்டேன், அது பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மீன் இனவிருத்தி என் நேரடித் தொழில் அல்ல, அது சம்பந்தமாகக் கீழே சொல்வது படித்ததும் அந்த வேலை செய்பவர்களோடு பேசியதும்தான்.

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வாங்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். செவுளைத் தூக்குவார்கள், ஒரு பார்வை பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் அப்படியே போட்டுவிட்டு நகர்வார்கள். அது காசிமேட்டு மீனா, ஆந்திராவிலிருந்து லாரியில் வந்ததா, எந்த வலையில் விழுந்தது என்றெல்லாம் விசாரிப்பதில்லை. செவுளின் நிறமும் வாடையும் போதும். எந்த மீனாக இருந்தாலும் கெட்டுப்போனால் அந்த அடையாளத்தை அதனால் மறைக்க முடியாது. உடம்புக்குள் நுழையும் கிருமியை மீனின் செல்கள் முதலில் கண்டுகொள்வதும் ஏறக்குறைய இப்படித்தான். பாக்டீரியா எதுவானாலும் அதன் சுவர், நீந்த உதவும் வால் இவற்றின் கட்டமைப்பில் சில பொருட்கள் மாறாமல் இருக்கும். அவற்றை மாற்றினால் கிருமியே பிழைக்காது. அந்த மாறாத பொருட்களைத் தொட்டுப் பார்க்கிற புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அவற்றில் அதிகம் ஆராயப்பட்ட குடும்பம்தான் டோல் வகை ஏற்பி, உங்கள் வியாபாரி சொல்லும் டி.எல்.ஆர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. டி.எல்.ஆர்.5 பாக்டீரியாவின் வால் புரதத்தைப் பிடிக்கும், டி.எல்.ஆர்.3 சில வைரஸ்களின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும், டி.எல்.ஆர்.9 பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் பிடிக்கும். பிடித்ததும் செல்லுக்குள் சமிக்ஞை போகும், அழற்சியைத் தூண்டும் பொருட்கள் சுரக்கும், விழுங்கும் செல்கள் அந்த இடத்துக்கு ஓடிவரும்.

டோல் என்ற பெயர் ஈயிடமிருந்து வந்தது. பழ ஈயின் கரு வளர்ச்சியைப் பற்றிய ஆய்வில் கிடைத்த ஜீன் அது. 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் அந்த ஜீன் பழுதான ஈக்களுக்குப் பூஞ்சைத் தொற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். செத்த ஈயின் உடம்பெங்கும் பூஞ்சை நூல்கள் முளைத்திருந்த படத்தை இந்தத் துறையில் பார்க்காதவர் கிடையாது. இரண்டு வருஷம் கழித்துப் புரூஸ் பாய்ட்லரின் குழு, பாக்டீரியா நஞ்சைச் செலுத்தினாலும் அசையாத ஒரு எலி வகையில் டி.எல்.ஆர்.4 பழுதாக இருப்பதைக் கண்டுபிடித்தது. 2011இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு எந்த உயிரினத்தைத் தொட்டாலும் "இதில் எத்தனை டி.எல்.ஆர்.?" என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

மனிதனுக்குப் பத்து. மீன் இனங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இருபது வகைக்கு அருகில் வருகிறது, அவற்றில் பல பாலூட்டிகளில் கிடையவே கிடையாது. எலும்பு மீன்களின் மூதாதைக்கு 30 கோடி வருஷங்களுக்கு முன்பு மொத்த மரபுத் தொகுதியும் ஒருமுறை இரட்டிப்பானது, அதில் மிஞ்சிய பிரதிகள் சில புது வேலைக்குப் போய்விட்டன. சாதாக் கெண்டையில் அதற்கு மேலும் ஒரு இரட்டிப்பு நடந்ததால் ரோகுவுக்கு 50 குரோமோசோம் என்றால் அதற்கு 100. உங்கள் வியாபாரி சொல்வது பெரும்பாலும் டி.எல்.ஆர்.22 ஆக இருக்கும், கெண்டை மீன்களில் அதிகம் பேசப்படுவது அதுதான். மனிதனிடம் இல்லாத ஏற்பி அது. ஃபுகு என்ற பேத்தை மீனில் ஜப்பானியர்கள் 2008இல் காட்டியது அழகான விஷயம்: டி.எல்.ஆர்.3 செல்லுக்குள் இருந்துகொண்டு குட்டையான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டுகொள்கிறது, டி.எல்.ஆர்.22 செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு நீளமானதைக் கண்டுகொள்கிறது. வாசலுக்கு ஒருவர், வீட்டுக்குள் ஒருவர். எந்நேரமும் கிருமி மிதக்கும் தண்ணீரிலேயே வாழ்கிற உடம்புக்கு வாசலிலும் ஆள் வைப்பது பொருத்தமாகத்தான் படுகிறது.

டி.எல்.ஆர்.5 மீனில் இரண்டு வடிவத்தில் வருகிறது, ஒன்று செல் சவ்வில் பதிந்தது, இன்னொன்று இரத்தத்தில் கரைந்து திரிவது. கரைந்த வடிவத்தைக் கல்லீரல் சுரக்கிறது, அது எச்சரிக்கையைப் பெரிதாக்குகிறது என்று வானவில் டிரவுட் மீனில் காட்டியிருக்கிறார்கள். டி.எல்.ஆர்.4 கதை இன்னும் சுவாரஸ்யம். பாக்டீரியா நஞ்சை மனிதன் கண்டுகொள்வது இதன் வழியாகத்தான், துளி கூடினாலும் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். மீனுக்கு அதைப்போலப் பல மடங்கு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. நிறைய மீன் இனங்களில் இந்த ஜீனே இல்லை, கெண்டைக் குடும்பத்தில் இருக்கிறது. ஆனால் வரிக்குதிரை மீனில் அது பாக்டீரியா நஞ்சைக் கண்டுகொள்வதில்லை என்று 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதின. சரி, அவ்வளவுதான் என்று நாங்கள் பாடமே நடத்தினோம். 2021இல் அதற்குத் துணையாக இயங்கும் புரதம் ஒன்று மீனிலும் இருப்பதைக் கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு கண்டுகொள்கிறது என்று இன்னொரு குழு காட்டியது. பன்னிரண்டு வருஷத்துப் பாடத்தில் பாதியை அழித்து எழுத வேண்டியதாயிற்று. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பெயரும் எண்ணும் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாக இருக்கும் என்று மீனில் நம்பக் கூடாது. ரோகுவில் டி.எல்.ஆர். ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்பதற்கும், அது ரோகுவுக்குள் என்ன செய்கிறது என்று தெரியும் என்பதற்கும் நடுவில் பெரிய தூரம்.

இப்போது அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். நீங்கள் முதல் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள், இந்த வகைக் கட்டுரைகள் எப்படித் தயாராகின்றன என்று சொல்கிறேன். நூறு கிராம் ரோகுவுக்கு வயிற்றுக்குள் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபைலா என்ற பாக்டீரியாவை ஊசியால் செலுத்துவோம். ஆறு மணி, பன்னிரண்டு மணி, இருபத்துநாலு மணி என்று நேரம் வைத்து மீனை மயக்கி அறுப்போம். மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது, அந்த வேலையைத் தலைச் சிறுநீரகம் செய்கிறது. செவுளுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஈரல் துண்டைப்போலக் கருஞ்சிவப்பாக, தொட்டால் குழையும். இடுக்கியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து ரோஸ் நிறத் திரவத்தில் போட்டு அரைத்து ஆர்.என்.ஏ. எடுப்போம். பிறகு அந்த ஜீனின் ஆர்.என்.ஏ. எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று பி.சி.ஆர். இயந்திரத்தில் அளப்போம். ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் இரட்டிப்பாகும் என்பதால், இயந்திரத்தில் ஒரு சுற்று முந்தி வந்தால் இரண்டு மடங்கு, மூன்றரைச் சுற்று முந்தினால் சுமார் 11 மடங்கு. கட்டுரையில் "பதினொரு மடங்கு உயர்ந்தது, ஆகவே இந்த ஜீன் நோய் எதிர்ப்பில் முக்கியப் பங்கு வகிக்கிறது" என்று கடைசி வரி எழுதுவோம். இந்த "ஆகவே"தான் வியாபாரி கையில் "வியாதியே வராது" ஆகிறது.

அந்தப் பதினொரு மடங்கில் என்னென்ன ஒளிந்திருக்கலாம் என்று பாருங்கள். ஒவ்வொரு செல்லும் அதிகமாகத் தயாரித்திருக்கலாம். அல்லது எந்தச் செல்லும் கூடுதலாகத் தயாரிக்காமல், அந்த ஏற்பி ஏற்கெனவே நிறைய உள்ள விழுங்கும் செல்கள் அந்த உறுப்புக்குக் கூட்டமாக வந்து சேர்ந்திருக்கலாம். அரைத்த திசுவில் இரண்டையும் பிரிக்க முடியாது. அதைவிட முக்கியம், அறுத்த மீன் பிழைத்திருக்குமா செத்திருக்குமா என்று தெரியாது, அதற்குள் அறுத்துவிட்டோமே. விடிவதற்குள் சாகப்போகிற மீனிலும் இந்த எண் எகிறும், சில நேரம் பிழைக்கிற மீனைவிட அதிகமாகவே எகிறும். மணி பலமாக அடித்தது என்பதை வைத்துத் தீ அணைந்தது என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஆர்.என்.ஏ. கூடினால் புரதமும் அதே அளவு கூடும் என்று கட்டாயமில்லை, மீனின் ஏற்பிகளை அடையாளம் காட்டி அளக்க உதவும் தரமான எதிர்ப்பொருள் கிடைப்பது அரிது என்பதால் புரதத்தை அளந்தவர்கள் குறைவு.

என் சொந்தக் கதை ஒன்று. படிக்கும்போது எனக்கு ஒருமுறை நாற்பது மடங்கு வந்தது. அன்று ஹாஸ்டலில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். இந்த அளவீட்டில் எப்போதும் மாறாது என்று நம்பப்படும் ஒரு ஜீனோடுதான் ஒப்பிட்டுக் கணக்குப் போடுவோம். நான் எடுத்துக்கொண்டது பீட்டா ஆக்டின். எனக்கு மேலே இருந்த ஒருவர் அமைதியாக, "அதே சாம்பிளில் இன்னொரு ஜீனோடு ஒப்பிட்டுப் பாரேன்" என்றார். பார்த்தேன். நோயுற்ற மீனில் பீட்டா ஆக்டின்தான் விழுந்திருந்தது. நாற்பது ஐந்தாகிவிட்டது. ஐந்தும் பொய்யில்லை, ஆனால் பிரியாணிக் காசு போனது போனதுதான். அப்போதிருந்து ஒரே ஒரு ஒப்பீட்டு ஜீனை வைத்து எழுதிய கட்டுரையைப் பார்த்தால் எண்ணை விட்டுவிட்டுத் திசையை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன்.

"எல்லா ரோகுவிலும் அந்த ஜீன் இருந்தால், எல்லாம் ஒரே மாதிரியா?" என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. ஒரே ஜீனில் எழுத்து மாற்றங்கள் உண்டு, சில மாற்றங்கள் ஏற்பியின் பிடியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். சீனாவில் புல்கெண்டையில் டி.எல்.ஆர்.3 ஜீனின் எந்த வடிவம் உள்ள மீன் ரியோவைரஸில் பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்த்து, தொடர்பு இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஆக, "டி.எல்.ஆர். ஜீன் உள்ள குஞ்சு" என்பது அர்த்தமில்லாத பேச்சு, "டி.எல்.ஆர். ஜீனின் இன்ன வடிவம் உள்ள குஞ்சு" என்பது அர்த்தமுள்ள பேச்சு. வியாபாரி இரண்டாவதைச் சொன்னால்கூட, தொடர்பு என்பது காரணம் ஆகாது. அந்த ஜீனுக்குப் பக்கத்தில் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு வரும் வேறொன்று வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். இருநூறு மீனில் பார்த்த தொடர்பு வேறு ஊர், வேறு வம்சத்து மீனில் காணாமல் போவதும் சகஜம்.

மீன் வளர்ப்பு உலகத்திலேயே நோய் எதிர்ப்புக்கு ஜீன் அடையாளம் வைத்துத் தேர்ந்தெடுத்து வெற்றி பெற்ற புகழ்பெற்ற உதாரணம் சால்மன்தான், ஐ.பி.என். என்ற வைரஸ் நோய்க்கு. 2008, 2009இல் ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் தனித்தனியாக ஒரே குரோமோசோமில் ஒரே பகுதியைக் கண்டுபிடித்தார்கள். குஞ்சுகளின் பிழைப்பில் பரம்பரையாக வரும் வித்தியாசத்தில் மிகப் பெரும்பங்கை அந்த ஒரு பகுதியே தீர்மானித்தது. அதை வைத்து முட்டை விற்றார்கள், பண்ணைகளில் அந்த நோய் நிஜமாகவே குறைந்தது. அந்தப் பகுதியில் இருந்தது டோல் ஏற்பியா? இல்லை. முதலில் சந்தேகம் விழுந்தது செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒரு புரதத்தின் மேல், வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறது என்றார்கள். பிறகு வேறொரு குழு பக்கத்து ஜீன் ஒன்றைக் கைகாட்டியது. அதுவும் டோல் ஏற்பி அல்ல. இத்தனை பேர் இத்தனை வருஷம் ஏற்பி ஜீன்களைத் துருவிக்கொண்டிருந்தபோது, பெரிய பலன் வந்தது எதிர்பாராத மூலையிலிருந்து. எனக்குப் பிடித்த துறைக்கு எதிராக நானே சாட்சி சொல்வது போல இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ரோகுவுக்கு என்ன நடந்திருக்கிறது? புவனேஸ்வருக்கு அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சிஃபா, 1992இல் நார்வே நாட்டவரோடு சேர்ந்து ரோகுவில் தேர்வு இனவிருத்தியைத் தொடங்கியது. அதில் வந்ததுதான் ஜெயந்தி ரோகு, சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி வைத்த பெயர். தேர்ந்தெடுத்தது வளர்ச்சிக்காக, தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. பிறகு ஏரோமோனாஸ் எதிர்ப்புக்கும் தேர்வு நடத்தினார்கள். குடும்பம் குடும்பமாக மீனுக்கு அடையாளச் சில்லு வைத்து, சில உடன்பிறப்புகளுக்குக் கிருமியை ஏற்றி, எந்தக் குடும்பம் அதிகம் பிழைக்கிறதோ அதன் கிருமி ஏற்றாத உடன்பிறப்புகளை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்குவது. 2014இல் வெளியான மரபு வரைபடத்தில் இந்த எதிர்ப்போடு தொடர்புள்ள பகுதிகள் ஒரே இடத்தில் இல்லாமல் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. ஒரு ஜீனில் முடிகிற கதை இல்லை இது. ஜெயந்தி நல்ல ரகம், வாங்குங்கள், ஆனால் வேகமாக வளரும் என்பதற்காக வாங்குங்கள். ஜெயந்தி என்று பெயர் இருந்தாலே நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே சிஃபாவில் 2016இல் ரோகுவின் டி.எல்.ஆர்.22 ஜீனை, குறிப்பிட்ட இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் முறையில் மாற்றிய வேலை வெளியானது. உங்களுக்கு வந்த பக்கம் அதுவாக இருந்தால், அதில் அந்த ஜீனைச் சேர்க்கவில்லை, உடைத்தார்கள். அது இல்லாவிட்டால் மீன் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வதற்காக ஆய்வகத்துக்குள் செய்தது. ஒரு ஜீனின் வேலையைக் கண்டுபிடிக்க அதுதான் நேர்மையான வழி, நான் மேலே குறை சொன்ன பதினொரு மடங்கு வகையைவிடப் பல படி மேலான வேலை. ஆனால் அந்த மீன் குஞ்சாக உங்கள் குளத்துக்கு விற்பனைக்கு வரப்போவதில்லை, வந்தாலும் உங்களுக்கு வேண்டாம்!

அதனால் வியாபாரியிடம் ஜீனைப் பற்றிக் கேட்காதீர்கள். தாய் மீன் எங்கிருந்து வந்தது, எத்தனை ஜோடி வைத்திருக்கிறார்கள், எத்தனை வருஷமாக வெளியிலிருந்து புது மீன் சேர்க்கவில்லை என்று கேளுங்கள். ஒரு கிலோ ரோகு தாய் இரண்டு மூன்று லட்சம் முட்டை இடும். நாலைந்து ஜோடியே ஒரு பொரிப்பகத்துக்குப் போதும் என்பதுதான் பிரச்சினையே, சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி இனவிருத்தி செய்து வம்சம் சுருங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி ஜீன்களில் பல வடிவங்கள் ஒரு கூட்டத்தில் கலந்திருப்பதுதான் குளத்துக்குப் பாதுகாப்பு, புதிதாக வரும் கிருமிக்கு ஏதாவது சில மீனாவது ஈடுகொடுக்கும். பிறகு, "எந்த நோய்க்கு எதிர்ப்பு? கிருமி ஏற்றிச் சோதித்தார்களா, கூடவே வைத்த சாதாரண ரோகுவில் எத்தனை பிழைத்தது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு தாளில் பதில் வந்தால் இரண்டு மடங்கு விலையைப் பற்றி யோசிக்கலாம். வராது என்று நினைக்கிறேன்.

"எந்த நோய்க்கு" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குளத்தில் நடந்தது எது என்றே எனக்குச் சந்தேகம். வயிறு ஊதிச் செதில் நிமிர்வது ஏரோமோனாஸ் போல இருக்கிறது. வடகிழக்கு மழை ஓய்ந்து தண்ணீர் குளிர்ந்தபின் வரும் ஆழமான சிவப்புப் புண், 1988 முதல் இந்தியாவில் இருக்கும் இ.யு.எஸ். என்ற புண் நோயாகவும் இருக்கலாம். அதற்குக் காரணம் அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ், பூஞ்சை போலவே தெரிகிற ஆனால் பூஞ்சை அல்லாத உயிரி. ஏரோமோனாஸுக்குத் தேர்ந்தெடுத்த மீன் அதற்கு நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. புண் நோயில் விரால் கொத்துக் கொத்தாகப் போகும், ரோகு கட்லா இளசாக இருந்தால் போகும், அதே குளத்தில் சாதாக் கெண்டையும் ஜிலேபியும் பெரும்பாலும் தப்பிக்கும். இந்த வித்தியாசத்தை எந்த ஒரு ஏற்பியை வைத்தும் யாரும் முழுசாக விளக்கிவிடவில்லை, ஆனால் குளத்தில் எதை எவ்வளவு விடுவது என்று முடிவு செய்ய இது இப்போதே உதவும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். கிருமிக்கு ஏற்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்ய மீனுக்கு வாரக்கணக்கில் ஆகும், தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் இழுக்கும், அதுவரை மேலே சொன்ன ஏற்பிகளும் விழுங்கும் செல்களும் அடங்கிய முதல் வரிசைப் படைதான் தாங்க வேண்டும். பொரித்துச் சில வாரங்களே ஆன குஞ்சுக்கு அந்த முதல் வரிசையைத் தவிர வேறு எதுவும் பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் மழைக்கு முன்னால் சுண்ணாம்பு, மழைக்காலத்தில் நெருக்கம் குறைப்பு, ஐப்பசி கார்த்திகையில் வலை போட்டு மீனைக் காயப்படுத்தாமல் இருப்பது என்று சலிக்கும் அளவுக்குச் சொல்கிறோம். ஏற்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோல் கிழிந்து, ஆக்ஸிஜன் இல்லாமல் விடியற்காலை வாயைத் திறந்துகொண்டு மேலே வரும் மீனை அது காப்பாற்றாது. இதோடு சேர்த்து "இம்யூன் பூஸ்டர்" என்று பீட்டா குளூக்கான் பொடியும் விற்க வருவார்கள். ஈஸ்ட்டின் சுவரிலிருந்து எடுப்பது, நான் மேலே சொன்ன கண்டுகொள்ளும் வேலையைத்தான் அதுவும் தூண்டுகிறது, மீனில் பலன் காட்டிய சோதனைகள் நிறைய உண்டு. எனக்கு அதில் பகை இல்லை. ஆபத்துக் காலத்துக்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் தீவனத்தில் கலந்து கொடுப்பது நியாயம், வருஷம் முழுக்கக் கொடுப்பது பணவிரயம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, சென்னையில் எங்கே போவது என்று கேட்டீர்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள சிபாவுக்கு நிறைய பேர் கெண்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், இறாலும் கொடுவாவும் அவர்கள் வேலை. உங்களுக்குப் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நோய் ஆய்வகமும் இருக்கிறது. ஆனால் ஜீனைச் சோதிக்கக் குஞ்சை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த மார்கழியில் முதல் மீன் ஒதுங்கி நீந்தும்போது, புண் சிறிய சிவப்புப் புள்ளியாக இருக்கும்போதே, உயிரோடு நாலைந்து மீனை ஆக்ஸிஜன் பையில் போட்டுக் காலையிலேயே கொண்டுபோங்கள். குளத்துத் தண்ணீர் ஒரு பாட்டில் தனியாக. செத்துக் கரை ஒதுங்கியதை ஐஸ் பெட்டியில் வைத்து மதியம் கொண்டுவருவார்கள், எங்களிடம் வருவதில் பாதிக்கு மேல் அப்படித்தான். எதனால் செத்திருந்தாலும் சில மணி நேரத்தில் ஏரோமோனாஸ் உள்ளே புகுந்துவிடும், குளத்தில் அது எப்போதும் இருப்பதுதானே. வளர்த்துப் பார்த்தால் தட்டு முழுக்க அதுதான் இருக்கும், நாங்களும் அதைத்தான் எழுதிக் கொடுப்போம். போன வருஷம் உங்களுக்கு யாராவது "ஏரோமோனாஸ்" என்று எழுதிக் கொடுத்திருந்தால், எப்படிப்பட்ட மீனைக் கொடுத்தீர்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். முடிந்தால் அதையும், வியாபாரி அனுப்பிய பக்கத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு மேலே எழுதியதில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுகிறேன்.